நான் வெட்டிய வளைவு

எங்கள் வீட்டு முன்னறையை ஒட்டிய குளியலறையில், வாஷ்பேசினுக்கு அடியில் தொங்கிய குழாயில் ஒரு முழத்தை அரிவாள்மனையில் வைத்து அறுத்து எறிந்தது நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால் நைசாக விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடமாகச் சாக்பீஸ் பிடித்த கை. கோணல் என்றாலே எனக்கு ஆகாது. பிள்ளைகள் நோட்டில் மார்ஜின் கோடு சாய்ந்திருந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பவே மாட்டேன். மூக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். மெதுவாகத்தான் சொல்லுவார், அதுவும் நான் அடுக்களையில் இருக்கும்போது.

அத்தை தவறிய பிறகு மாமனார் எங்களோடு வந்துவிட்டார். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் முப்பத்தைந்து வருடம், பஞ்சை அடித்துப் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியிலேயே மூச்சு விட்டு விட்டு அவருக்கு மூக்கு போய்விட்டது. மூச்சுக்கு ஒன்றும் இல்லை, வாசம்தான் தெரியாது. கருவாடு பொரித்தாலும் சரி, மல்லிகைப்பூவைத் தலைமாட்டில் வைத்தாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அதை ஒரு குறையாகவே அவர் சொன்னதில்லை. சாம்பார் ஊசிப்போனதா என்று யாராவது கேட்டால், என்னிடம் கேட்காதீர்கள், நான் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவேன் என்று சிரிப்பார்.

அவருக்கு முன்னறையைக் கொடுத்தோம். எழுபத்தெட்டு வயதில், ராத்திரி எழுந்து வீட்டைக் கடந்து பின்பக்கம் போக வேண்டியிருந்தது. அதனால் முன்னறையை ஒட்டி இருந்த சாமான் அறையைக் காலிசெய்து, அதையே சின்னக் குளியலறையாக்கினோம். ஒரு கழிப்பறை, ஒரு குழாய், கை கழுவ ஒரு வாஷ்பேசின். பேசினைப் பொருத்த வந்தவர் எங்கள் தெருவுக்கெல்லாம் வேலை செய்கிற பிளம்பர் அண்ணாச்சி. அதிகம் பேசாதவர். பேசினைச் சுவரில் ஏற்றி, அடியில் வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதை ஒரு சுற்றுச் சுற்றி வளைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, மிச்ச நுனியைச் சுவருக்குள் இருந்த குழாயில் செருகினார். அன்றைக்குக் கரண்டு இல்லை. மாமனார்தான் அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். ரெண்டு பேரும் வேலையைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டார்கள். நான் கவனிக்கவில்லை. எனக்குக் காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருந்தது.

அது ஐப்பசி மழை நேரம். ஊரெல்லாம் டெங்கு பயம். எங்கள் பள்ளியில் கொசு ஒழிப்புக்கு யாரைப் பொறுப்பாகப் போடலாம் என்று கேட்டபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அதில் எனக்குப் பெருமைதான். காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, வீட்டில் எங்கும் தண்ணீர் தேங்கக் கூடாது, ஒரு தேங்காய்ச் சிரட்டையில்கூட நிற்கக் கூடாது என்று நான் பேசாத நாள் கிடையாது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் போட்டார்கள். மாநகராட்சியிலிருந்து டார்ச்சோடு வந்து தொட்டி பார்க்கிறவர்களால் என் வீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, குளியலறையைக் கழுவும்போது பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் குழாய்க்குள்ளே தண்ணீர் நிற்பது தெரிந்தது. அண்ணாச்சி சுற்றிக் கட்டியிருந்த வளைவின் அடிமடியில், நாலு விரல் உயரத்துக்கு, கலங்கலாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிறவள் வீட்டில், அதுவும் வயதானவர் படுக்கிற அறைக்குப் பக்கத்தில், தேங்கிய தண்ணீர். குழாய் நீளமாக இருந்திருக்கும், அளந்து வெட்டச் சோம்பல்பட்டுச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்று நானே முடிவுகட்டினேன். அடுக்களையிலிருந்து அரிவாள்மனையை எடுத்து வந்தேன்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடக்கட்டுமேம்மா. அவன் ஏதாவது காரணத்துக்குத்தான் விட்டிருப்பான்."

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் நேர்கோடுதான் மாமா. இதுல என்ன காரணம் இருக்கு?"

நான் வளைவை வெட்டி எடுத்து, மிச்சக் குழாயைப் பேசினிலிருந்து சுவருக்கு நேராக இழுத்துச் செருகினேன். அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு மாதிரி இருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், சர்ரென்று ஓடியது. எனக்கு அவ்வளவு திருப்தி. ரெண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் பிளம்பர் அண்ணாச்சியைப் பார்த்ததும் ஸ்கூட்டியை நிறுத்தி, தண்ணீர் தேங்குகிற மாதிரியா மாட்டுவீர்கள், டெங்கு வந்தால் யார் பொறுப்பு, நானே சரிபண்ணிவிட்டேன் என்று நாலு பேர் பார்க்கச் சொன்னேன். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

வாடை வர ஆரம்பித்தது பத்துப் பதினைந்து நாளில். காலையில் பினாயில் ஊற்றிக் கழுவிவிடுவதால் பத்து மணிவரை தெரியாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முன்னறையைத் தாண்டும்போது குப்பென்று வரும். மூத்திர வாடை மாதிரியும் இருக்கும், அழுகின வாடை மாதிரியும் இருக்கும். வீட்டில் வேறு எங்கும் இல்லை, மாமனார் அறையில் மட்டும். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. வயதானவர், கட்டுப்பாடு குறைந்திருக்கும், வேட்டியில் போயிருக்கும் என்று மனதில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

முதலில் ஜாடையாகத்தான் சொன்னேன். கட்டில் விரிப்பைத் தினமும் மாற்றினேன். மெத்தை மேல் ரப்பர் ஷீட் போட்டேன். அவர் எதற்கு என்று கேட்டதற்கு, வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றேன். ரப்பர் ஷீட் வெயிலுக்குக் குளிர்ச்சியாம், அதுவும் மழைக்காலத்தில்! அவர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறமும் வாடை போகவில்லை என்றதும் ஒரு நாள் நேரடியாகவே சொன்னேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

"மாமா, ராத்திரி எந்திரிக்க முடியலன்னா சொல்லிருங்க. டயப்பர் வாங்கிருவோம். ரூம்ல வாடை அடிக்கி."

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. நான் எந்திரிச்சுதான போறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க மூக்குதான் போயாச்சே."

அவர் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு, "ஆமா, அதுவும் சரிதான்" என்றார். இந்த ரெண்டு பேச்சையும் எத்தனையோ தடவை எனக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னதில் கேட்கிற வெடுக்குக் குறையவே மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து மாமனார் டயப்பர் கட்டினார். காலையில் அதை அவரே கழற்றி, பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை மெல்ல நடந்து போய்ப் போட்டுவிட்டு வருவார். யாரையும் தொடவிட மாட்டார். ஒரு நாள் அவர் குளிக்கப் போயிருந்த நேரம், பேப்பரில் சுற்றினது கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் பிரித்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. புதிதாக எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இன்னொரு நாளும் பார்த்தேன், அன்றைக்கும் காய்ந்துதான் இருந்தது. கணக்கு டீச்சர் நான், அந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. இது இல்லாவிட்டால் வேட்டியாக இருக்கும், வேட்டி இல்லாவிட்டால் வேர்வையாக இருக்கும் என்று விடையை முதலில் எழுதிவிட்டு வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அப்படிச் செய்தால் சுழி போடுகிறவள்.

அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்ததை நான் கவனிக்கவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்து வளர்ந்தவர், எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் சாப்பாட்டுக்கு முன்னே ஒரு செம்பு, பின்னே ஒரு செம்பு குடிப்பார். அது காலையில் அரை டம்ளர், மத்தியானம் அரை டம்ளர் என்றாகிவிட்டது. பங்குனி வெயிலில் ஒரு நாள் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர், பெரியவரே தண்ணியே குடிக்கிறதில்லையா என்று கேட்டார். தாகமே எடுக்கவில்லை என்று இவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று, ஆமா சார், சொன்னா கேக்க மாட்டேங்காங்க என்று ஒத்து ஊதினேன்.

கோயிலில், எங்கள் தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், அவருக்கு என்று ஓர் இடம் இருந்தது. வலது பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஓரம். ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவார். பாட்டு அவருக்குப் பாதி மனப்பாடம், கட்டைக் குரலில் கூடப் பாடுவார். அந்த வருடம் அவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். பிறகு வெளியே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம் சொன்னார். பண்டிகை அசனத்துக்கு, கோயிலில் எல்லாருக்கும் போடுகிற விருந்துக்கு, பந்தி உட்கார்ந்தபோது, எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் வரிசையின் கடைசியில் ஒரு இலை இடைவெளி விட்டு உட்கார்ந்தார். யாரோ, நெருங்கி வாங்க பெரியவரே என்று கூப்பிட்டார்கள். காலை நீட்ட வேண்டியிருக்கு என்று சொல்லிவிட்டார். நான் பெண்கள் பந்தியிலிருந்து அதைப் பார்த்தேன். நானும் மனுஷிதானா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றினது, நல்லவேளை, அவருக்கே தெரிந்திருக்கிறது என்பதுதான்.

வைகாசியில் எங்கள் கோயில் பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. இருபத்தைந்து பேராவது வருவார்கள். எங்கள் ஹாலில் அத்தனை பேர் உட்கார முடியாது, முன்னறையையும் திறந்துவிட வேண்டும். ரெண்டு வாரம் முன்னாலேயே நான் அதை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்? அதனால் மாமனாரிடம் போய், விக்கிரமசிங்கபுரத்தில் மகள் வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வாருங்களேன், உங்களுக்கும் மாற்றமாக இருக்கும் என்று தேன் ஒழுகச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பையோடு கிளம்பி நின்றார். பதினைந்து நாளைக்குப் போகிறவர் ரெண்டு வேட்டி, ரெண்டு சட்டை எடுப்பார். இவர் வேதப்புத்தகம், பாட்டுப்புத்தகம், ரேடியோ, அத்தை படம், மழைக்குப் போடுகிற கம்பளி எல்லாம் எடுத்துக்கொண்டார். கட்டில் அடியில் ஒரு பழைய செருப்பைக்கூட விடவில்லை. திரும்பி வருகிற எண்ணம் அவருக்கு இல்லை என்பது அந்தப் பையைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்று சொன்னேன்.

அவர் போன பிறகு மெத்தையை வெயிலில் போட்டேன். திரைச்சீலையைத் துவைத்தேன். சுவரைக்கூடத் துடைத்தேன். முன்னறையைப் பூட்டி வைத்து, கூட்டத்தன்றுதான் திறந்து பாய் விரித்தேன். பினாயில் வாசம் கமகமவென்று இருந்தது. எல்லாரும் வந்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபம் முடிந்து, சுண்டலும் வடையும் சாப்பிட்டு, கை கழுவ ஆரம்பித்தார்கள். பேசினில் தண்ணீர் ஓட ஓட அந்த வாடை கிளம்பி வந்து பாய் நிறைய உட்கார்ந்தது. ஒருத்தர் பேச்சை நிறுத்தினார். ஒருத்தர் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் தானாக ஓடியது, பல மாதமாகப் பழகின வாய்.

"தப்பா எடுத்துக்காதீங்க, எங்க மாமா ரூம்லா இது. வயசாயிட்டு, அவங்களுக்குத் தெரிய மாட்டேங்கு."

எதிரில் உட்கார்ந்திருந்த, எங்கள் பள்ளியிலிருந்தே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், கள்ளம் கபடம் இல்லாமல் கேட்டார். "அவங்க மக வீட்டுக்குப் போயிப் பன்னிரண்டு நாளாச்சுன்னுல்லா இப்பம் சொன்னிய?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பன்னிரண்டு நாளாக மனிதர் இல்லை, மெத்தை இல்லை, வேட்டி இல்லை. வாடை மட்டும் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியைப் போட்டவளும் நான்தான் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. பைப்பில் ஏதோ கோளாறு போல என்று முனகினேன். அவர்களும் ஆமா ஆமா, பைப்பாத்தான் இருக்கும் என்று எழுந்தார்கள். யாருடைய கோளாறு என்று அவர்களிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் பிளம்பர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வருவாரா என்றே சந்தேகம். வந்தார். பழசை மனதில் வைத்துக்கொண்ட மாதிரி முகத்தில் ஒன்றும் இல்லை. நேரே பேசினுக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இங்கன ஒரு வளைவு கட்டிட்டுல்லா போனேன். அது எங்க?"

"நாந்தான் வெட்டுனேன்."

"அது தண்ணி நிக்கணும்னு விட்டது. அந்தத் தண்ணிதான் சாக்கடை வாடை மேல ஏறாம மறிச்சு நிக்கும். நீங்க கதவைக் கழத்தி வச்ச மாதிரில்லா செஞ்சிருக்கிய. அன்னைக்கு ரோட்டுலயே சொல்ல வந்தேன், நீங்க வண்டியை எடுத்துட்டிய."

கொசு என்று நான் ஆரம்பித்தேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கொசுதான் வந்தது. கை கழுவக் கழுவப் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்து நின்றுவிடும், அதில் கொசு முட்டையிட எங்கே நேரம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கூட அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

இந்த முறை நல்லதாகவே போட்டுவிடுவோம் என்று சொல்லி, அவர் எழுதிக்கொடுத்ததை நானே போய் வாங்கி வந்தேன். பேசின் ஓட்டையில் உட்காருகிற வேஸ்ட் கப்ளிங் ஒன்று, அதற்கடியில் மாட்டுகிற பாட்டில் ட்ராப் ஒன்று, தண்ணீர் கசியாமல் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப். பாட்டில் ட்ராப் என்பது சின்னச் செம்பு அளவுக்கு ஒரு குப்பி. மேலிருந்து வருகிற தண்ணீர் அதன் அடிவரை இறங்கி, நிரம்பி, பிறகு பக்கத்துக் குழாய் வழியாகச் சுவருக்குள் போகும். குப்பிக்குள் எப்போதும் கொஞ்சம் நிற்கும். அண்ணாச்சி பழைய கப்ளிங்கை அடியிலிருந்து திருகிக் கழற்றினார். அதன் ரப்பர் வாஷர் காய்ந்து முறுகிப் போயிருந்தது. பேசின் ஓட்டையைச் சுற்றி இருந்த அழுக்கைச் சுரண்டி, துணியால் துடைத்து, புது வாஷரை உட்கார வைத்து, கப்ளிங்கை மேலிருந்து இறக்கினார். மரையில் டேப்பைச் சுற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெரியவரு எங்க? அன்னைக்கு டார்ச்சு அவங்கதான் பிடிச்சாங்க. கை ஆடாமப் பிடிப்பாங்க."

ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். வெளிச்சம் பேசினைவிட்டுச் சுவருக்குப் போய்விட்டு வந்தது.

கடைசி மரையை இறுக்க வேண்டிய நேரத்தில், நான் இறுக்குகிறேன் என்று கேட்டேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ரெண்டு கையாலும் திருகினேன். இன்னும் இறுகட்டும் என்று ஸ்பானரைத் தேடினேன். வேண்டாம், பீங்கான் விண்டுவிடும், கை இறுக்கம் போதும், பைய என்றார். பிறகு ஒரு வாளித் தண்ணீரைப் பேசினில் ஊற்றினார். அடியில் நியூஸ்பேப்பர் விரித்து, ஒரு சொட்டு விழுகிறதா என்று ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழவில்லை. சுவரில் குழாய் நுழைகிற இடத்தையும் இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் முன்னறைக் கதவைத் திறந்தேன். எப்போதும் குப்பென்று வருகிற நேரம். ஒன்றும் இல்லை. காலி அறையின் வாசம்தான் வந்தது. நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன செய்ய?

வீட்டுக்காரர் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம், இது நான் செய்தது என்று சொல்லிவிட்டு, மறுநாள் லீவு போட்டுத் தனியாக பஸ் ஏறினேன். அம்பாசமுத்திரம் தாண்டுகிறவரை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் பைப்பு இருந்தது, கோளாறு இருந்தது, அரிவாள்மனை மட்டும் இல்லை. பாருங்கள், அப்போதும் புத்தி எப்படிப் போகிறது!

நாத்தனார் என்னைக் கண்டதும், வாங்க மதினி, நல்லவேளை வந்திய என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகாமல், அப்படியே வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு அழைத்துப் போனாள். அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்புக்குக் கீழே ஒரு நார்க்கட்டில் கிடந்தது. தலைமாட்டில் ரேடியோ, வேதப்புத்தகம், அத்தை படம்.

"அப்பா உள்ள வந்து படுக்க மாட்டேங்காங்க மதினி. கேட்டா, எம்மேல வாடை அடிக்கும், பிள்ளைகளுக்குச் சங்கடம்ங்காங்க. எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

மாமனார் என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. கழுத்திலும், சட்டைக் காலர் உள்ளேயும்கூட. நான் நடந்து வருவதற்குள் தன் நாற்காலியை ரெண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காத்து இங்கனருந்து அங்க அடிக்குதும்மா. நீ அந்தப் பக்கமா உக்காரு."

பஸ்ஸில் தயார்பண்ணின மூன்று விதமும் எனக்கு மறந்துவிட்டது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை சொல்கிற மாதிரி, நாத்தனார் கேட்கவே சொன்னேன்.

"மாமா, வாடை உங்க மேல இல்ல. பேசின் குழாயிலருந்து வந்திருக்கு. நான் வெட்டுனேன்லா ஒரு வளைவு, நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே, அது இல்லாததுனால வந்திருக்கு. உங்க மேல என்னைக்குமே இல்ல. நான் கண்டபடி சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

"அப்பம் எம்மேல இல்லையா?"

"இல்ல மாமா."

"இப்பமும் இல்லையா? கிட்ட வந்து பாத்துச் சொல்லும்மா. எனக்குத்தான் தெரியாதே."

நான் போனேன். எத்தனையோ மாதம் எட்டி நின்று காபி டம்ளரை நீட்டினவள், அன்றைக்கு அவர் தோள் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தேன். பவுடர், துவைத்த சட்டை, பஸ்ஸில் வருகிற எந்த மனிதர் மேலும் இருக்கிற கொஞ்சம் வேர்வை. பவுடர் வாசம்தான் மாமா என்றேன். அதுவா, அது கொஞ்சம் கூடப் போட்டுவிட்டேன் என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்ததை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்து, செம்பை நீட்டி இன்னொன்று கேட்டார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.

நாத்தனார் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இலை போட்டாள், சோறு வைத்தாள், அவியலை இரண்டாம் தடவை கேட்காமலே வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மாமனார் என்னோடு கிளம்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். குப்பியை விரலால் தட்டினார். நல்ல வேலைக்காரன் என்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அவர் கோயிலில் பழையபடி மூன்றாவது பெஞ்சில்தான் உட்காருகிறார். தண்ணீரும் நன்றாகக் குடிக்கிறார். டயப்பர் கட்டை நானே எடுத்து வெளியே போட்டேன். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முதல் மணி அடித்ததும் என்னைக் கூப்பிடுவார். மகனைக் கூப்பிட மாட்டார். நான் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு போவேன். அவர் வாசல் பக்கம் வெளிச்சத்தில் நின்று தோளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுவார். ஒன்றும் இல்லை மாமா, போய்ட்டு வாங்க என்று எத்தனை தடவை சொன்னாலும், நான் குனிந்து மூச்சை இழுத்துப் பார்க்காமல் அவர் படியிறங்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார்.

"பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னாச் சரியா இருக்கும்."